எண்ணூறு செடிகளின் சொந்தக்காரி

2024 டிசம்பர் 7, சனி

நேற்றோடு என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மகனும் இளைய மகளும் ஊருக்குத் திரும்பிவிட, மூத்த மகள் மட்டும் துணைக்கு இருக்கிறாள்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர், "பூவும் பொட்டுமாகப் போய்விட்டாள், கொடுத்து வைத்தவள்" என்றார்கள். அன்போடு சொன்னதுதான், ஒவ்வொரு சித்திரையிலும் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று தாலிக் கயிறு மாற்றும்போது அவளும் அதைத்தான் வேண்டிக்கொண்டாள். சென்ற ஏப்ரல் 21ஆம் தேதிகூட, தொலைக்காட்சியில் திருமாங்கல்யதாரணம் நடந்த நேரத்தில், கை நடுங்க நடுங்கத் தானே புதுக்கயிறு மாற்றிக்கொண்டாள். ஆனாலும் 85 ஆண்டுகள் வாழ்ந்து முடித்த ஒருத்தியைப் பற்றிச் சொல்வதற்கு, கணவனுக்கு முன்னால் போனாள் என்ற ஒரு செய்திதானா இருக்கிறது என்று என் மனம் ஆறாமல் கிடக்கிறது.

இன்னொன்றும் மனத்தை அறுக்கிறது. கார்த்திகையில், கிளைகளை வெட்டிக் கவாத்துச் செய்வதற்காக மல்லிகைச் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்தியிருந்தோம். அதனால் நவம்பர் 21ஆம் தேதி அவளுக்குச் சூட்ட எங்கள் தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஆள் அனுப்பி விலைக்கு வாங்கி வந்தோம். மேலூர்ப் பக்கத்திலிருந்து அவள் தம்பி மகன் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்து போர்த்தினான். தம்பிக்கும் தள்ளாத வயது. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி "அக்கா, அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2024 டிசம்பர் 9, திங்கள்

இறப்பைப் பதிவு செய்யக் கிராம நிர்வாக அலுவலரிடம் மகளோடு போய்வந்தேன். 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும் என்பதால் தள்ளிப்போட வழியில்லை.

வயதைச் சொல்லும்போதே தடுமாற்றம் வந்தது. ஆதார் அட்டையில் 1942 ஜனவரி 1 என்று இருக்கிறது. பிறந்த தேதி தெரியாத எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு ஜனவரி முதல் தேதியை எழுதி வைத்திருக்கிறார்கள். என் மாமியார் கணக்கு வேறு: "நம்ம தும்பைப்பட்டிக் கக்கன் மீனாட்சி கோயிலுக்குள்ள போன வருசம், ஆவணியில பிறந்த பிள்ளை" என்பார். வைத்தியநாதய்யர் தலைமையில் அந்த ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8ஆம் தேதி, ஆனி மாதம். அடுத்தடுத்த மாதத்தில் இவள் பிறந்திருக்கிறாள். அட்டையைவிட அந்தத் தாயின் நினைவையே நான் நம்புகிறேன்.

பிறகு தொழில் என்ற இடம் வந்தது. கேட்காமலேயே "இல்லத்தரசி" என்று எழுதப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குடும்ப அட்டைக்கும் பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பங்களுக்கும் வாக்காளர் கணக்கெடுப்புக்கும் 50 ஆண்டுகளாக அந்தச் சொல்லைச் சொல்லிவந்தவன் நான்தான். பட்டா என் பெயரில் இருந்தது, பள்ளி வாத்தியார் வேலையும் எனக்கு இருந்தது. ஆகவே நிலத்தில் நின்றவள் யார் என்று எந்தக் காகிதமும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று, "விவசாயம் என்று எழுதுங்கள்" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். வரப்போகும் சான்றிதழில் தொழில் அச்சாகாது, அது புள்ளிவிவரத்துக்கு மட்டுமே போகும் என்று மகள் வழியில் சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

2024 டிசம்பர் 22, ஞாயிறு

கார்த்திகைக் கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டிய கவாத்து, மார்கழி 7ஆம் நாளான இன்றுதான் நடந்தது. இரண்டு ஆட்களோடு நானும் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டி, காய்ந்த குச்சிகளைக் களைந்து, மிச்சமிருந்த இலைகளையும் உருவி, தூரைக் கொத்தி எரு வைத்தார்கள். குச்சியை ஆடவிடாமல் பிடித்து வெட்ட வேண்டும், பிளந்தால் அந்தக் கிளை போயிற்று என்று அவள் ஒவ்வோர் ஆண்டும் ஆட்களிடம் சொல்வதை இன்று நான் சொன்னேன். "அம்மா சொல்லிச் சொல்லி எங்களுக்குப் பாடம்ய்யா" என்றார் மூத்தவர்.

இந்த 30 சென்ட் தோட்டம் எப்படி வந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

1957 வைகாசியில் எங்களுக்குத் திருமணம். பெரியாற்று வாய்க்கால் பாய்கிற நெல் வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவள், நிலையூர்க் கண்மாய்க்கு அப்பால், ஒரு கிணறும், மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையும் தவிர வேறு கதியில்லாத இந்தச் செம்மண்ணுக்கு வந்தாள். வந்த முதல் கோடையில், "இங்க தண்ணிக்கு மாடுல்ல நடக்கணும்" என்று சொன்னதைத் தவிர அவள் குறைபட்டு நான் கேட்டதில்லை. கடலையும் சோளமும் போட்டோம். நான்கு பெற்று மூன்றை வளர்த்தோம். என் சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டியதில்லை.

1969இல் மல்லிகை போடலாம் என்றாள். அவளுடைய தாய் விட்டுப் போன, காதில் அணியும் தண்டட்டி ஒரு ஜோடி அவளிடம் இருந்தது. அதை விற்பதற்கு நான் சம்மதிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்து, நான்காம் நாள் தன் தம்பியை அழைத்துக்கொண்டு போய் விற்றுவிட்டாள். மதுரை மல்லி என்று பெயர் சொன்னாலும் அதன் பதியன் குச்சிகள் வருவது ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்துதான். பாம்பனில் சாலைப் பாலம் வந்தது 1988இல். அன்று ரயிலைத் தவிர வழியில்லை. 1964 புயலில் சிதைந்து மறுபடி கட்டிய பாலத்தின்மேல் ரயில் மெல்ல ஊர்ந்தபோது, கீழே கடலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டதாக அவளே சொன்னாள். திரும்பி வரும்போது பதியன்களை ஈரச் சாக்கில் சுற்றி, ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் தம்பியை இறங்கச் சொல்லித் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்திருக்கிறாள். மறுநாள் விடியும் முன்பே நடவு தொடங்கிவிட்டது. நான்கு அடிக்கு ஒரு குழி. ஏறக்குறைய எண்ணூறு செடிகள். நான் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனேன்.

இந்தச் செடிகளுக்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல் வலுவில்லை. 1984, 1998, 2013 என்று மூன்று முறை தோட்டத்தைப் புதுப்பித்தாள். கடைசி நடவின்போது அவளுக்கு 74 வயது. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே ஆண்டுதான். செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு அதில் ஏதாவது உண்டா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

2025 ஜனவரி 14, செவ்வாய்

துக்க ஆண்டு என்பதால் பொங்கல் இல்லை. வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்தார்கள். தோட்டத்தில் கணுக்களில் தளிர் கண்டிருக்கிறது.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

அடுப்படிப் பரண்மேல் அவளுடைய கம்பிகள் இருந்தன. பூக் கமிஷன் கடையில் எடை போட்டுத் தரும் சீட்டுகளை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கம்பியில் குத்தி வைப்பாள். பழையவை பல செல்லரித்துவிட்டன. 1979ஆம் ஆண்டுக் கம்பி மட்டும் ஓரளவு முழுசாக இருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்ற அவள், சில சீட்டுகளின் பின்புறம் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறாள்: "பீஸ்", "புத்தகம்", "பஸ்", "மருந்து". மூத்தவள் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த ஆண்டு அது. அந்தக் கட்டணத்தை என் சேமநிதிக் கடனில் கட்டியதாகவே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். மகளிடம் காட்டினேன். "தெரியும்ப்பா" என்றாள்.

அந்த நாட்களில் மூன்று மணிக்கு எழுந்து, அரிக்கேன் விளக்கை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு, விரியாத மொட்டாகப் பார்த்துப் பறிப்பாள். வெயில் ஏறினால் எடையும் குறையும், விலையும் போய்விடும். பறித்ததை ஈரத் துணியில் கட்டி முதல் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து, என்னை எழுப்பிக் காப்பி கொடுப்பாள். நான் எழுந்திருக்கும்போது வீட்டில் எல்லாம் அமைதியாக இருக்கும். ஒரு நாள் வேலையின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துபோயிருக்கும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

2025 மார்ச் 16, ஞாயிறு

பங்குனி 2. இன்று முதல் பறிப்பு. இளைய மகள் நேற்றே வந்துவிட்டாள். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருவரும் நான்கு மணிக்கு இறங்கினோம். என் கண்ணுக்கு மொட்டும் பாதி விரிந்ததும் ஒன்றுபோலத் தெரிகின்றன. மகள் கூடையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டாள். ஆறரை மணிக்குள் இரண்டு கிலோ தேறவில்லை. போட்டதில் ஒரு கைப்பிடியைக் கட்டிப் படத்துக்குச் சூட்டினோம்.

நானும் சந்தைக்குப் போனேன். ஊரில் அவள் 'வாத்தியார் வீட்டம்மா'. அங்கே கமிஷன் கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம் என்னை, "நம்ம பூக்காரம்மா வீட்டுக்காரரு" என்று அறிமுகம் செய்தார். 67 ஆண்டுகளில் என்னை யாரும் அப்படி அழைத்துக் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்து, சிறிது நேரம் பேச முடியாமல் நின்றேன். சீட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது தலைப்பில் அவள் பெயர்தான் இருந்தது. "பேரை மாத்தணுமாய்யா?" என்று தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் பெயரிலேயே எடை எழுதிக் கொடுத்தார். சீட்டைப் புதுக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன்.

மேற்கு வரிசையில் சில மொட்டுகளில் ஓட்டை தெரிகிறது, மொட்டுப்புழுவாக இருக்கலாம். நாளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.