சோழவரம் ரேஸ்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ஜி.என்.டி. சாலையில் ஏரிக்காகப் பெயர்பெற்ற சோழவரத்தைக் கடக்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்ணீரன்று, ரேஸ். இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்து விமானங்களுக்கு வேலையில்லாமல் போன பின்பு, 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவிட்டது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் இப்படிப் போர்க்கால விமானத்தளத்தில் பிறந்த பந்தயக்களம்தான். ஆனால் அது நிலைத்துவிட்டது, சோழவரம் நிலைக்கவில்லை.

ஆங்கில எழுத்து 'T' வடிவில் அமைந்த அந்த ஓடுதளம்தான் பந்தயத்தின் தன்மையையே தீர்மானித்தது என்பது என் எண்ணம். விமானம் ஏறி இறங்குவதற்குப் போட்ட பாதை நேராகத்தான் இருக்கும். எனவே வண்டிகள் நெடுந்தூரம் முழு வேகத்தில் வந்து, திடீரென்று ஏறக்குறைய நின்று திரும்பி, மறுபடியும் முழு வேகம் எடுக்க வேண்டியிருந்தது. இன்ஜினுக்கு இணையாக பிரேக்கும் அங்கே சோதிக்கப்பட்டது. அந்நாளைய ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களில் இருந்த டிரம் பிரேக்குகள் அடுத்தடுத்து அழுத்தினால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். புதுப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த என் பெரியப்பா, எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றிருந்தார். பந்தயம் முடித்து நின்ற ஒரு ஃபியட்டின் சக்கரத்தருகே என் உள்ளங்கையை ஒரு சாண் தொலைவில் பிடித்துக் காட்டினார். அடுப்பருகே கை நீட்டியதுபோல் சுட்டது. டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் கக்கிய நீலப்புகையின் வாடை வீடு திரும்பிய பின்பும் சட்டையில் இருந்தது.

வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது மிகக் கடினமாக இருந்த காலம் அது. ஆகவே, பழைய காரின் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாய்களைப் பற்றவைத்துக் கூடு கட்டி, கிடைத்த இன்ஜினைப் பொருத்தி ஓட்டியவர்களே பலர். அவர்களுக்கு நடுவில் விஜய் மல்லையா, உலகின் உச்சக் கார் பந்தயமான ஃபார்முலா ஒன்றில் (F1) ஓடிய, என்சைன் என்ற அணியின் காரையே கொண்டுவந்து இறக்கினார். குஜராத்தின் கோண்டல் அரச குடும்பத்தவர், கோயம்புத்தூர் கரிவர்தன், விக்கி சந்தோக் ஆகியோரும் ஓட்டிய அந்த ஆண்டுகளைத்தான் பலரும் சோழவரத்தின் பொற்காலம் என்கிறார்கள். எனக்கென்னவோ, பணத்தால் வாங்கிய வேகத்தைவிடப் பட்டறையில் உருவான வேகத்தின்மீதுதான் மதிப்பு அதிகம். பெரியப்பாவின் வளர்ப்பு அப்படி.

அந்தப் பட்டறை அறிவை ஒழுங்குபடுத்தியவர் கரிவர்தன். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து, ஒற்றை இருக்கை கொண்ட ஃபார்முலா மாருதி கார்களை 1988-இல் அவர் அறிமுகப்படுத்தினார். எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்பதால், யாரிடம் பணம் அதிகம் என்பது பின்னுக்குப் போய், யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது முன்னுக்கு வந்தது. பின்னாளில் ஃபார்முலா ஒன்றுக்குச் சென்ற நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் இவ்வகைக் காரில்தான் பழகினார்.

சோழவரத்தின் குறை ஒன்றுதான்: அது இரவல் இடம். ஆயிரக்கணக்கானோர் திரண்டாலும், நிலையான பார்வையாளர் மாடமோ பாதுகாப்புச் சுவரோ சொந்தமாகக் கட்டிக்கொள்ள முடியாத இடத்தில், கார்களின் வேகம் மட்டும் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனது. கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, பந்தயத்துக்கென்றே ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தை அமைத்தது. 1990-இல் அது திறக்கப்பட்டது. சோழவரத்தில் சத்தம் ஓய்ந்தது.

புதிய தடத்துக்குப் பெரியப்பா ஒரே ஒருமுறை என்னோடு வந்தார். வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பன்னிரண்டு என்றார், தார் வேலையைப் பாராட்டினார், பிறகு அரை மணி நேரத்துக்கெல்லாம் கிளம்பலாம் என்றார். "ஒரு வண்டி தூரத்துல புள்ளியா தெரிஞ்சு, பெருசாகிப் பெருசாகி நம்ம முன்னாடி வந்து பிரேக் அடிக்கணும்டா. இங்க வர்றதுக்கு முன்னாடியே திரும்பிடுது."