பெட்ராவின் இருட்டு: மூன்றாவது கேன்வாஸ்

ஃபிரெடரிக் சர்ச் என்ற அமெரிக்க ஓவியர் 1874இல் வரைந்த ‘எல் கஸ்னே, பெட்ரா’வைப் பார்த்து வரைய உட்கார்ந்து இது மூன்றாவது வாரம். ஜோர்டானில் உள்ள பெட்ரா என்ற பழங்கால நகரத்தில், பாறையிலேயே செதுக்கிய கட்டடம்தான் கஸ்னே. அசல் 5 அடி உயர எண்ணெய் ஓவியம். என்னுடையது 12க்கு 10 அங்குலம், அக்ரிலிக். நீள அகல விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் கட்டம் போட்டுக் கோடுகளை இறக்குவது சுலபமாக முடிந்தது.

முதல் இரண்டு கேன்வாஸ்களைக் கெடுத்தது என் அவசரம். தூண்கள், உடைந்த முக்கோண முகடு, உச்சியில் கல் கலசம் என்று முகப்பை முதலில் முடித்தேன். ரோஸ் நிறம் போட்டதில் பிறந்தநாள் கேக் ஆகிவிட்டது. சுற்றிலும் பாறைக்கு டியூப் கறுப்பை அப்படியே அப்பினேன். படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அசலை நிதானமாகப் பார்த்தேன். 1868இல் பெட்ராவுக்குப் போன சர்ச், கட்டடம் முழுசாகத் தெரியும் இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போகவில்லை. ‘சிக்’ என்ற குறுகிய பாறைப் பிளவு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வந்து முடிகிற இடுக்கிலேயே நிறுத்திவிடுகிறார். இரண்டு பக்கமும் இருட்டுப் பாறை, நடுவில் ஒரு கீற்றாக கஸ்னே. அப்படியானால் வரைய வேண்டியது இருட்டைத்தான்.

மூன்றாவதில் முகப்பைத் தொடவே இல்லை. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரின் என்ற நீலமும் கலந்து பாறைக்கு மட்டும் நான்கு மெல்லிய பூச்சு. ஒரு பக்கம் அம்பர் தூக்கல், மறுபக்கம் நீலம் தூக்கல். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்பதை மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் வலது பாறை தார் பூசிய சுவர்! ஆக்கர் என்ற மண் மஞ்சளில் துளி வெள்ளை சேர்த்து, உலர்ந்த தூரிகையால் மேலோட்டமாக இழுத்துத் தேற்றினேன்.

பிறகு முகப்பு. யெல்லோ ஆக்கர், லைட் ரெட், வெள்ளை, ரோஸ் கிடையாது. கிண்ணத்தில் வெறும் செங்கல் பொடி போலக் கிடந்த கலவை, இருட்டுக்கு நடுவே ஒரு கோடு வைத்ததும் விளக்குப் போட்ட மாதிரி எரிந்தது. கொஞ்ச நேரம் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தூண்களின் நுணுக்கத்துக்கு இன்றைய போட்டோ ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தேன். அது தப்பு. முகப்பின் ஆறு தூண்களில் ஒன்று சர்ச் போன காலத்தில் விழுந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டில்தான் திரும்பக் கட்டினார்கள். போட்டோவை மூடிவிட்டேன்.

சர்ச் இதை மனைவி இசபெல்லுக்குக் கொடுத்தார். ஹட்சன் நதிக்கரை மேட்டில் அவர்கள் கட்டிய ஒலானா வீட்டில், கணப்புக்கு மேலே இன்றும் தொங்குகிறது. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கலசம் மட்டும் பாக்கி. பூஜ்ய நம்பர் தூரிகை முடி பிரிந்துவிட்டது. புதிது வாங்கிய பிறகுதான்.