உடம்பு கொதிக்கிறதா, 108-ஐக் கூப்பிடுங்கள்

சாரல் விழ ஆரம்பித்ததும் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகள் செட்டு சேர்ந்து குற்றாலம் வருவார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சில செட்டில் இப்போது பாட்டிலோடு எம்டிஎம்ஏ என்கிற போதை மாத்திரையும் வருகிறது. எனக்கு இது தெரிந்ததே என் அக்கா மகன் மூலமாகத்தான். மறுவீட்டுப் பந்தியில் சொதிக்கு இஞ்சிப் பச்சடி வைத்ததும் ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் உள்பக்கம் பல் பட்டுப் பட்டு வெள்ளையாகக் கிழிந்து கிடக்கிறது. "என்னல இது?" என்றேன். தனியாகக் கூட்டிப்போய்க் கேட்ட பிறகுதான் சொன்னான், "எல்லாரும் போட்டாங்க மாமா, யாரைப் பார்த்தாலும் பாசமா இருந்துச்சு."

அவன் சொன்னது பொய்யில்லை. பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால் இதை ஓரளவு விளக்க முடியும். மூளையில் மனநிலையைக் கவனிக்கிற செரட்டோனின் என்ற ரசாயனத்தை இந்த மருந்து குளத்து மடையைத் திறந்துவிட்ட மாதிரி ஒரே நேரத்தில் கொட்ட வைக்கும், அதனால்தான் அந்தப் பாசமும் சந்தோஷமும் மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் வரை நிற்கிறது. தாடை இறுகுவதும் நெஞ்சு படபடப்பதும் கூடவே வரும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காரணமே இல்லாமல் மனசு சோர்ந்து போகும்.

"ஆஸ்திரேலியாவிலே டாக்டரே கொடுக்காங்களே" என்றும் கேட்டான். உண்மைதான், 2023 ஜூலையிலிருந்து அங்கே அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் தீவிர மன அதிர்ச்சி நோய்க்கு இதைக் கொடுக்கலாம். அது அளவு தெரிந்த சுத்தமான மருந்து, ஆளைப் பரிசோதித்துக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனிப்பார்கள். அமெரிக்காவில் 2024-இல் அனுமதி கேட்டபோது, ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரூமில் கைமாறுகிற மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. பிஎம்ஏ என்று ஒன்றைக் கலந்துவிடுவது உண்டு, அது மெதுவாக ஏறும், ஆனால் விஷம் அதிகம். ஏறவில்லையே என்று இன்னொன்று போடுகிறவன்தான் அதில் மாட்டுவான்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் சூடு. மருந்தே உடம்பின் வெப்பத்தை ஏற்றிவிடும், அதோடு அடைத்த அறையில் மணிக்கணக்கில் ஆடினால் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போய்விடும். தசை சிதைந்து சிறுநீரகம் நின்றுபோகும். சரி, தண்ணீர் குடித்தால் போதுமே என்று லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ஏனென்றால் இந்த மருந்து சிறுநீரைத் தடுத்து நிறுத்தும், ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். 1995-இல் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி இப்படித்தான் இறந்தாள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டிரமடால் என்கிற வலி மாத்திரை போட்டவர்களும் இதைத் தொடவே கூடாது, செரட்டோனின் எல்லை மீறி உயிருக்கே ஆபத்தாகும்.

அருவியில் கொண்டு நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று தயவுசெய்து யாரும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, கை கால் வெட்டி இழுத்தால் உடனே 108. வண்டி வருகிற வரைக்கும் சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து விசிறிவிடுங்கள், நினைவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கேஸ் ஆகிவிடும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து ரூமிலேயே போட்டுப் பூட்டி வைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் பிழைக்க வேண்டிய உயிர் போகிறது. கேஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்ன போட்டான், எத்தனை மணிக்கு, கூட என்ன குடித்தான், வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிச்ச மாத்திரை இருந்தால் அதையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.