பாக்கெட்டில் கை விட்டவர்

பாறை ஓவியம் ஒன்றில், மீன்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர் பேண்ட் பாக்கெட்டில் கை விட்டபடி நிற்கிறார்.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், ககாடு தேசியப் பூங்காவின் உபிர் பாறை. வெளியே வெயில் கொளுத்துகிறது, ஈக்கள் வேறு. பாறையின் அடியில் மட்டும் நல்ல நிழல்.

பாறைச் சுவர் முழுக்க அங்கத்துப் பழங்குடியினர் வரைந்த பாராமுண்டி மீன், நீள்கழுத்து ஆமை, வாலபி என்கிற சிறிய கங்காரு. பெரும்பாலும் எக்ஸ்ரே பாணி. முதுகெலும்பு, உள்ளுறுப்புகள் வரை வரைந்திருக்கிறார்கள். பிடித்து, அறுத்து, பங்கு போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு உள்ளே எது எங்கே இருக்கும் என்று தெரியாதா?

அந்த வெள்ளைக்காரரை மட்டும் அப்படி வரையவில்லை. 1880களில் எருமை வேட்டைக்கு வந்தவர்களில் ஒருவராக இருக்கலாம் என்கிறார்கள். உடுப்பு இருக்கிறது, நிற்கும் தோரணை இருக்கிறது. எலும்பு இல்லை.

எல்லோரும் வேலை செய்ய, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கும் ஆளை நம் ஆபீசிலும் பார்த்திருக்கிறோம். வரைந்தவர் சிரித்துக்கொண்டேதான் வரைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அங்கேயே உயரத்தில் ஒரு தைலசீன், அதாவது டாஸ்மேனியப் புலியின் ஓவியம். முதுகில் வரி போட்ட அந்த விலங்கு ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து மறைந்து குறைந்தது 2,000 ஆண்டுகள் ஆகின்றன.

நம் பாடப் புத்தகத்தில் அந்த நாட்டின் கதை 1770இல் ஜேம்ஸ் குக் என்ற ஆங்கில மாலுமியின் கப்பலோடுதான் தொடங்கியது. இந்தப் பாறையில் கப்பல்காரர்கள் ரொம்பத் தாமதமாக, ஒரு மூலையில் வருகிறார்கள்.

போவதானால் மே முதல் அக்டோபருக்குள் போங்கள். மழைக்காலத்தில் சாலை வெள்ளத்தில் மூழ்கிவிடும்.