உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கிய அனுபவம்

போன வியாழக்கிழமை அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஒரே ஒரு தாள். இதற்காக நாங்கள் அலைந்தது இருபது மாதம். கணவரைக் கடலில் பறிகொடுத்த ஓர் அக்கா இதற்காகக் காத்திருந்தது ஏறக்குறைய ஒன்பது வருடம். கடலோரத்தில் இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருப்பதால், எங்கே எங்கே இடறினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு மாடி அறையில் நடக்கும் சின்னக் குழு. ஐந்து பேர், அதில் சம்பளம் இரண்டு பேருக்கு. 2004 சுனாமியின்போது கொளச்சல், மணக்குடிப் பக்கம் அரிசியும் பாயும் கொண்டுபோனதில் ஆரம்பித்தது. இப்போது பெரும்பாலும் மனு எழுதுகிறோம், மனுவோடு வந்தவர்கள் கூட வரிசையில் நிற்கிறோம்.

அக்காவின் வீடு தூத்தூர் பக்கம். கணவர் 2016 நவம்பரில் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குத் தங்கல் போட்டில் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் படகு) போனார். ராத்திரி வலை இழுக்கும்போது தவறி விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் இரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள். கிடைக்கவில்லை. போட்டு கொச்சிக்குத் திரும்பியது, புகாரும் அங்கேயே பதிவானது, மலையாளத்தில்.

உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அது. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருடமாக ஒன்றும் தெரியவில்லை என்றால், அவர் இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதுவரை விதவை உதவித்தொகை கிடையாது, வாரிசுச் சான்று கிடையாது, வீட்டுமனை அவர் பெயரிலேயே கிடக்கும். ஓர் அலுவலகத்தில், "கணவனால் கைவிடப்பட்டவர்னு எழுதிக் குடுங்கம்மா, பென்ஷனுக்கு வழி பண்ணலாம்" என்றார்கள். உதவுகிற எண்ணத்தில்தான் சொன்னார்கள். அக்கா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வருடம், 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வந்தது. குழித்துறையில் ஜனங்கள் ரயிலை மறித்துப் போராடிய பிறகு, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் ஏழு வருடம் காத்திருக்காமல் சான்றிதழும் 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கிடைக்க வழி பிறந்தது. அந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது, கணவரின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடச் சொல்லி அக்காவிடம் சிலர் வற்புறுத்தினார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். "எனக்க ஆளு ஓகியில போவல்ல தம்பி. பொய் எழுதி வாங்குன காசு எனக்க பிள்ளைகளுக்கு வேண்டாம்" என்றார். அன்றைக்கு அவர் வீட்டில் மூத்த பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பாக்கி. அதனால்தான் இந்த வழக்கை என்ன ஆனாலும் முடித்துக்கொடுப்பது என்று எங்களுக்குள் ஒரு பிடிவாதம் வந்தது.

2023 நவம்பரில் ஏழு வருடம் முடிந்தது. 2024 ஜனவரியில் ஒரு வக்கீலைப் பிடித்து, கணவர் இறந்துவிட்டதாகக் கருத வேண்டும் என்று விளம்புகை (கோர்ட் அறிவித்துத் தரும் தீர்ப்பு) கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். கலெக்டர், தாசில்தார், வி.ஏ.ஓ. எல்லாரும் பிரதிவாதிகள். மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை. வக்கீல் அதைச் சொல்லவே இல்லை. வாங்கிய பணத்தையும் திருப்பித் தரவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது ஏழாவது வருடம் நெருங்குகிறது என்றால், அந்த அறிவிப்பை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அது போய்ச் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகைகளைத் தொலைக்காதீர்கள்.

அதன் பிறகுதான் நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். முதலிலேயே போயிருக்க வேண்டும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருடச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கிடைத்த வக்கீலம்மா முதல் நாளே கேட்டது, "எஃப்.ஐ.ஆர். எங்கே?"

அக்கா ஒரு ஜவுளிக்கடைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்த தாள். மடிப்பு வழியே கிழிந்து நாலு துண்டாகியிருந்தது. ஒருமுறை கடல் பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதில் மை கலைந்து, எண் இருந்த இடத்தில் நீலத் திட்டு மட்டும் இருந்தது. கணவரின் பெயரில் முதல் இரண்டு எழுத்து தெரிந்தது. அந்தத் துண்டுகளை அக்கா மேஜையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக் காட்டினார், விரலால் அழுத்தக்கூட இல்லை.

நகல் வாங்க நானும் அக்காவின் தம்பியும் குழித்துறையில் ரயிலேறி கொச்சிக்குப் போனோம். அந்தக் காவல் நிலையத்தில், பழைய கோப்புகளைப் பார்க்கிற ஆள் லீவு, எண் தெரியாமல் தேட முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறோம் என்று சொல்லியும் நாற்காலியைக் கூடக் காட்டவில்லை. திரும்பி வந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் வைத்தோம், அதுவும் திரும்பி வந்தது. கேரளத்தில் போஸ்டல் ஆர்டர் எடுக்க மாட்டார்கள், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஒட்டி அனுப்பினோம். இருபத்தாறாம் நாள் சான்றிட்ட நகல் வீடு தேடி வந்தது. அன்றைக்கு எங்கள் அறையில் எல்லாருக்கும் பழம்பொரி.

மொழிபெயர்ப்பில் இன்னொரு தலைவலி. திருவிதாங்கூர் காலத்தில் மலையாளப் பள்ளியில் படித்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மளமளவென்று வாசித்துச் சொன்னார். கோர்ட்டுக்கு அது போதாது, நோட்டரி கையெழுத்துடன் வேண்டும். அதைச் செய்தபோதுதான் பெயர்க் குழப்பம் வெளியே வந்தது. எங்கள் கடலோரத்தில் எஸ்தேவான் என்று ஞானஸ்நானம் பெற்றவர் ரேஷன் கார்டில் ஸ்டீபன் ஆகிவிடுவார், கேரளக் கரையில் எஸ்தப்பான் ஆகிவிடுவார். இவருக்கும் மூன்று தாளில் மூன்று பெயர். பங்குத்தந்தையிடமிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டு நகல், 'மூவரும் ஒருவரே' என்று ஒரு சான்று, அக்காவின் உறுதிமொழிப் பத்திரம் மூன்றையும் சேர்த்த பிறகுதான் சரியானது. மனுவில் தாலுகாவும் தப்பு. பழைய ரேஷன் கார்டைப் பார்த்து விளவங்கோடு என்று எழுதிவிட்டோம். 2019இல் பிரித்த பிறகு அந்த ஊர் கிள்ளியூர் தாலுகா. இது முழுக்க எங்கள் கவனக்குறைவு, இரண்டு வாரம் போயிற்று.

மறுபடி வழக்குத் தாக்கலானபோது 2024 ஜூலை தாண்டிவிட்டது. புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டதால் பழைய 108ஆம் பிரிவுக்குப் பதில் 111ஆம் பிரிவு என்று எழுத வேண்டியிருந்தது. சாரம் அதேதான். பத்திரிகை விளம்பரம், அறிவிப்பு எல்லாம் வரிசையாக நடந்தன.

இழுத்தது சாட்சி. அன்றைக்குப் போட்டை ஓட்டிய ஸ்ராங்கு முக்கியமான சாட்சி. வாய்தா போட்ட மூன்று முறையும் அவர் கடலில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா கூலி வேலையை விட்டுவிட்டு வந்து, கோர்ட் வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். கடைசியில் வக்கீலம்மாதான் ஜூன் மாதத்தில் தேதி கேட்டு வாங்கினார். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், போட்டு எல்லாம் கரையில் கிடக்கும். ஸ்ராங்கு வந்தார், நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்து இறங்கும்போது அக்காவைப் பார்த்து, "மன்னிச்சிரு பிள்ளே, விட்டுட்டு வந்துட்டோம்" என்றார். மீனவர் வழக்கு என்றால் சாட்சித் தேதியைத் தடைக்காலத்தில் கேளுங்கள்.

2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதை வைத்து ஊர் வி.ஏ.ஓ. பதிவு செய்து கொடுத்தார், அதில் ஒரு தடங்கலும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. ஏழு வருட விதி, ஆள் இறந்துவிட்டார் என்று மட்டும்தான் கருத வைக்கும். என்றைக்கு இறந்தார் என்பதைச் சொல்லாது. எல்.ஐ.சி. சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2004இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேதி வேண்டுமானால் நாம்தான் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். 2016 நவம்பர் தேதியையே தனியாகக் கேட்டிருக்க வேண்டும், ஸ்ராங்கின் சாட்சியமே அதற்குப் போதுமாக இருந்திருக்கும். மனுவில் அந்தக் கோரிக்கையைச் சேர்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சான்றிதழில் இருப்பது 2025. இதனால் அப்போதிருந்த விபத்துக் காப்பீடு கிடைக்குமா என்று வக்கீலம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் மனு எழுதும்போது தேதியைக் கேட்டு ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள், போட்டில் கூட இருந்தவர்களின் பெயர், முகவரியை அந்த வருடமே வாங்கி வைத்துவிடுங்கள்.

சான்றிதழை வாங்கியதும் அக்கா நேராக மார்த்தாண்டம் வந்தார். அசலை லேமினேட் செய்ய வேண்டாம், சில இடத்தில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி, தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டுக் கொடுத்தோம். பத்து நகல் எடுத்தோம். மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகைக்கு அன்றைக்கே மனு எழுதியாயிற்று. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிய வரும் செவ்வாய்க்கிழமை போகிறோம். மூத்த பிள்ளையும் கூட வருகிறாள், அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது.