சமாரியன் மறுநாள் செய்தது: நாட்குறிப்பு

மார்ச் 6, வியாழன்

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பக்கவாதம் வீழ்த்தியபோது ஊரே கூடிவிட்டது. மருத்துவமனையிலும் கூட்டம், வீட்டுக்கு அழைத்துவந்த அன்றும் வந்தவர்கள் உட்கார நாற்காலி போதவில்லை. இன்று மாலை எட்டிப் பார்த்தேன். அவருடைய மனைவி மட்டும் இருந்தார். பெரியவருக்கு வலப்பக்கம் அசையவில்லை, பேச்சு குழறுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று செவிலியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரவிலும்தான். அந்த அம்மாவுக்கும் வயதாகிவிட்டது. ஒரு ஆளைத் தனியாகப் புரட்டுகிற தெம்பு அவருக்கு இல்லை.

இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் நான் வருகிறேன் என்றேன். "வேலைக்குப் போகிற பிள்ளை, உனக்கு எதற்குத் தம்பி?" என்றார். ஆனால் கதவைத் தாழிட வேண்டாம் என்று சொன்னதற்குத் தலையசைத்தார்.

பெரியவர் எங்களோடு பேசியே பல மாதங்களாகின்றன. வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிய தகராறு. எங்கள்மேல் புகார் எழுதிக் கொடுத்தவர் அவர். வேதாகமத்தில் யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு: உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்துகிடக்கக் கண்டால், விட்டுப்போகாமல் அவனுக்கு உதவி செய். முதலில் சமாதானமாகுங்கள், பிறகு தூக்குங்கள் என்று அதில் இல்லை. பகை இருக்கும்போதே தூக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனையில் லூக்கா 10 வாசிக்கப்பட்டது. "எனக்குப் பிறன் யார்?" என்று யூத வேத அறிஞனான ஒரு நியாயசாஸ்திரி கேட்டதற்கு இயேசு சொன்ன கதை: கள்ளர்கள் அடித்துக் குற்றுயிராய்ப் போட்டவனை ஆசாரியனும் ஆலய ஊழியனான லேவியனும் கண்டும் விலகிப்போகிறார்கள், யூதர்கள் ஒதுக்கிய இனத்தானான ஒரு சமாரியன் நின்று உதவுகிறான். விலகிப்போன ஆசாரியனையும் லேவியனையும் சுற்றியே பிரசங்கம் நடந்தது. என் மனம் மட்டும் 35-ஆம் வசனத்தைவிட்டு நகரவில்லை.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அதற்குள் பாதை சுமார் 1,000 மீட்டர் கீழே இறங்குகிறது. வறண்ட மலை, கள்ளர்கள் பதுங்க வசதியான இடம். அந்த வழியில்தான் சமாரியன் தான் ஏறிவந்த மிருகத்தைக் காயப்பட்டவனுக்குக் கொடுத்தான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதை எல்லோரும் சொல்கிறோம். மறுநாளை யாரும் சொல்வதில்லை. மறுநாள் அவன் இரண்டு பணம், அதாவது இரண்டு வெள்ளிக்காசு, எடுத்துச் சத்திரக்காரனிடம் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்கிறான். இயேசு சொன்ன திராட்சத் தோட்டக் கூலியாட்களின் உவமையில் ஒரு பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் அவன் முன்பணமாக வைத்தது இரண்டு நாள் உழைப்பு.

அவன் தன் பயணத்தைக் கைவிடவில்லை. அவனுக்கும் ஒரு வேலை இருந்தது. அதற்காகக் காயப்பட்டவனையும் கைவிடவில்லை. தன்னால் இருக்க முடியாத நாட்களுக்கு வேறொருவனை ஏற்பாடு செய்தான், திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தான். இப்படித் திட்டமிடுவதும் அன்புதான் என்று உறுதியாக நம்புகிறேன். முதல் நாளின் இரக்கம் யாருக்கும் வந்துவிடும். மறுநாளுக்குத்தான் ஆள் தேவை.

ஆராதனை முடிந்ததும் வாலிபர் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் செவ்வாய், வெள்ளி இரவுகளை ஏற்றுக்கொண்டார். பகல் வேளையில் என் மனைவி போய் இருப்பாள். அந்த நேரத்தில் அம்மா குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயரலாம்.

மார்ச் 11, செவ்வாய்

வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். பெரியவரின் மகன் பணம் அனுப்புவதில்லையாமே, உண்மையா? அந்த வீட்டாரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உன்னைப்போல் பிறனிடத்தில் அன்புகூர வேண்டும் என்ற கட்டளை லேவியராகமம் 19-இல் 18-ஆம் வசனம். அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னால்தான் கோள்சொல்லித் திரியாதே என்றிருக்கிறது. இன்னும் மேலே போனால், கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கல் போடாதே, வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவை. அன்பு என்ற சொல் வருமுன்னே அந்த அதிகாரம் இத்தனை வேலைகளைச் சொல்லிவிடுகிறது. நோயாளியின் அறைக்குள் போகிறவன் கடன் சீட்டைப் பார்ப்பான், நனைந்த விரிப்பைப் பார்ப்பான், குடும்பத்தார் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழுவதைக் கேட்பான். எதுவும் அந்தக் கதவைத் தாண்டி வெளியே வரக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

இன்று வாலிபர் படுக்கையருகே நின்று உரத்த குரலில் நெடுநேரம் ஜெபித்தார். நல்ல பிள்ளை, மனதார ஜெபித்தார். ஆனால் பெரியவர் கிறிஸ்தவர் அல்லர். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே வந்ததும் அந்த வாலிபத் தம்பியிடம் சொன்னேன்: பெரியவர் கேட்டால் ஜெபிப்போம், கேட்காதவரை நம் வீட்டில் முழங்காற்படியிடுவோம். எழுந்து போக முடியாத ஒருவரை நம் ஜெபத்தைக் கேட்கவைப்பது அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வதாகும். அதிகாலையில் உரத்த சத்தமாய்ச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகளே எச்சரிக்கிறது. தம்பி ஏற்றுக்கொண்டார்.

அப்படியானால் நம் சாட்சி என்ன என்று கேட்டார். ரோமப் பேரரசன் ஜூலியனைப் பற்றிச் சொன்னேன். கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வ வழிபாட்டைத் தூக்கி நிறுத்த முயன்றவர். 362-ஆம் ஆண்டளவில் தம் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே என்று குறைபட்டுக்கொண்டார். எதிராளியின் வாயிலிருந்து வந்த அந்த வாக்குமூலத்தைவிடப் பெரிய சாட்சியை எந்தப் பிரசங்கியும் சம்பாதித்ததில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பெரியவருக்குக் கோபம். புரட்ட வந்த வாலிபரின் கையை இடக்கையால் தட்டிவிட்டார். அம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே பட்டது. நான் அங்கே கிடந்தால் என்ன வேண்டுவேன்? என் உடம்பைத் தொடுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பேன். உன்னைப்போல் என்று கட்டளை சொல்வதை இங்கேயிருந்து தொடங்கலாம். வாலிபரோடு பேசி முடிவு செய்தோம்: "ஐயா, திருப்பட்டுமா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே கைவைப்பது. சில வேளை வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருப்போம்.

மார்ச் 22, சனி

மகன் வந்திருக்கிறார். விடுப்பு முடிந்ததும் திரும்ப வேண்டும், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை என்று தலையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் அட்டவணையைக் காட்டினேன். ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு, அம்மாவின் இரவுகள் எவை என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். வார நாட்களுக்கு ஒரு உதவியாளரை அமர்த்திச் சம்பளத்தைத் தாமே அனுப்புவதாகச் சொன்னார். அந்த ஆள் கிடைக்கும்வரை நாங்கள் தொடர்கிறோம். அடுத்த வாரம் வியாழன் இரவு எனக்கு வெளியூர்ப் பயணம். அந்த இடம் காலியாக இருக்கிறது. நாளை ஆராதனை முடிந்ததும் யாரிடமாவது கேட்க வேண்டும்.