இரண்டு சப்வூஃபர், பழைய மோனோபிளாக்: 4 ஓமில் கிடைத்த நல்ல முடிவு

என் ஸ்விஃப்ட் காரின் டிக்கியில் இரண்டாவது 12 அங்குலச் சப்வூஃபரும் (பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஏறிவிட்டது. பழைய மோனோபிளாக் (ஒரே சேனல் கொண்ட) ஆம்ப்ளிஃபையரை மாற்றாமலேயே முன்பைவிட அதிகமான, முன்பைவிடத் தெளிவான பாஸ் கிடைத்திருக்கிறது. இரண்டு சப் என்றால் பெரிய ஆம்ப் வாங்கியே ஆக வேண்டும் என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நான் விசாரித்த இடங்களிலெல்லாம் சொன்னார்கள். அது எல்லா நேரத்திலும் உண்மையல்ல என்பதைக் கணக்கோடு எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

என்னிடம் இருப்பவை 4+4 ஓம் இரட்டைக் காயில் (ஒலி எழுப்பும் கூம்பான கோனை அசைக்கும் கம்பிச்சுருள்; ஓம் அதன் மின்தடை அளவு) கொண்ட, 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ச்சியான ஆற்றல்) தாங்கக்கூடிய ஒரே மாடல் சப்வூஃபர்கள். ஆம்ப் 4 ஓமில் 300 வாட்டும், 2 ஓமில் 500 வாட்டும் தரும்; 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. ஒற்றைச் சப் இருந்தவரை அதன் இரண்டு காயில்களையும் பேரலலில் (பக்க இணைப்பில்) இணைத்து 2 ஓமில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வந்ததும் நான்கு காயில்கள் ஆகின்றன. நான்கு 4 ஓம் காயில்களைச் சம அளவில் வேலை வாங்கும்படி எப்படிச் சேர்த்தாலும் 1, 4, 16 ஓம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். 2 ஓம் கிடைக்கவே கிடைக்காது. 2 ஓம் ஆம்ப்புக்கு இரண்டு சப் புதிதாக வாங்குபவர்கள் 2+2 காயில் மாடலைக் கேட்டு வாங்க வேண்டும், அவற்றில் 0.5, 2, 8 ஓம் அமையும். ஆம்ப்பின் ஓம் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் சப்பின் காயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

1 ஓம் இந்த ஆம்ப்புக்கு ஆகாது. என் நண்பர் ஒருவரின் காரில் இதே 4+4 சப்கள் இரண்டை, இதே போன்ற 2 ஓம் ஆம்ப்பில், எல்லாக் காயில்களையும் பேரலலாக்கி ஒரு கடையில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒலி கொஞ்சம் ஏறினாலே ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்தும் புரொடெக்ட் நிலைக்குப் போய் சிவப்பு விளக்கு எரியும். ஆம்ப் பழுது என்று சொல்லி அதை மாற்றச் சொன்னது இன்னும் கொடுமை. வயரை மட்டும் மாற்றிப் போட்டதும் அந்த ஆம்ப் நன்றாகவே வேலை செய்கிறது.

எனவே 4 ஓம். இங்கேதான் பலரும் 500 வாட் 300 ஆகக் குறைந்துவிடுமே என்று பின்வாங்குகிறார்கள். 500-லிருந்து 300-க்கு இறங்குவதால் ஏற்படும் இழப்பு 2.2 டெசிபெல். அதே மொத்த வாட்டை ஒன்றுக்குப் பதிலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு சப்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், கோனின் பரப்பு இரட்டிப்பாவதால் பாஸ் எல்லையில் கிடைக்கும் ஆதாயம் 3 டெசிபெல். கூட்டிக் கழித்தால் 0.8 டெசிபெல் லாபமே மிஞ்சுகிறது. முன்பு 500 வாட்டை ஒரே சப் தாங்கியது. இப்போது ஒவ்வொன்றுக்கும் 150 வாட்தான் போகிறது. காயில் சூடேறினால் அதன் மின்தடை உயர்ந்து, நீண்ட நேரம் ஓடும்போது பாஸ் சோர்ந்துபோகும். அந்தச் சோர்வு இப்போது அறவே இல்லை.

4 ஓமுக்கு வழிகள் இரண்டு. ஒவ்வொரு சப்பின் காயில்களையும் சீரிஸில் (தொடர் இணைப்பில்) போட்டு 8 ஓம் ஆக்கி, இரண்டு சப்களையும் பேரலலில் சேர்க்கலாம். அல்லது காயில்களைப் பேரலலாக்கி, சப்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சீரிஸில் இணைக்கலாம். எண் ஒன்றுதான் என்றாலும் நான் முதல் வழியையே விரும்புகிறேன். இரண்டாவது வழியில் இரு சப்களும் ஆம்ப்பின் மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பெட்டி அறையில் சிறு காற்றுக் கசிவு இருந்தாலும் இரண்டின் இம்பிடென்ஸும் (ஒலி ஓடும்போது காட்டும் மின்தடையும்) வேறுபட்டுப் பங்கீடு சமமற்றதாகிவிடும். முதல் வழியில் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் நேரடியாகப் போகிறது. ஒன்றைக் கழற்றிச் சோதிப்பதும் எளிது: மீதமுள்ளது 8 ஓமில் பாதுகாப்பாக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வேலையில் அதிகக் கவனம் கேட்கும் இடம் சீரிஸ் இணைப்பின் துருவம். முதல் காயிலின் மைனஸிலிருந்து இரண்டாவது காயிலின் பிளஸுக்கு ஒரு துண்டு வயர் போக வேண்டும். அது மாறி மைனஸுக்கு மைனஸ் போய்விட்டால் மல்டிமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. என் காயில் ஒவ்வொன்றும் மீட்டரில் 3.5 ஓம் காட்டுகிறது (4 ஓம் என்று அச்சிட்ட காயில் நேர்மின்னோட்டத்தில் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு), சீரிஸில் 7.0 ஓம். துருவம் சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் அதே 7.0 தான். ஆனால் தவறாக இருந்தால் இரண்டு காயில்களும் ஒன்றையொன்று எதிர்த்து, சப் ஒலி எழுப்பாமலே வெந்துபோகும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடிகாரத்தில் போடும் ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். சப்பை மேசைமேல் மல்லாக்க வைத்து, கோனின் ஓரத்தில் விரல்நுனியை லேசாக வைத்துக்கொண்டு, சீரிஸின் இரு முனைகளிலும் பேட்டரியை ஒரு நொடி தொட வேண்டும். பிளஸுக்குப் பிளஸ் தொட்டதும் கோன் சற்று வெளியே எழும்பி நிற்கும். பேட்டரியை எடுத்ததும் மெல்லிய 'தொப்' சத்தத்துடன் இறங்கும். காயில் ஒன்று தலைகீழாக இருந்தால் கோன் அசையவே அசையாது. சப்களைப் பெட்டியில் மாட்டிய பிறகு, ஆம்ப்புக்குப் போகும் வயரின் முனையிலும் இதே சோதனையைச் செய்தேன். இரண்டு கோன்களும் ஒரே நேரத்தில் வெளியே எழும்பிய பிறகுதான் வயரை ஆம்ப்பில் திருகினேன். அந்த முனையில் மீட்டர் 3.5 ஓம் காட்டியது. கணக்கும் கண்ணும் ஒத்துப்போயின.

கார் பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு வரும் வயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்ப் வயரிங் கிட் என்று விற்கப்படுவனவற்றில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அதே தடிமனுள்ள செம்பு வயரைவிட அவற்றின் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கத்தியால் ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும். நான் பாரிமுனைப் பக்கம் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிளை மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கினேன். வளைக்க எளிதாக இருக்கிறது. 5 மீட்டர் நீளத்துக்கு 45 ஆம்பியர் ஓடினாலும் 0.2 வோல்ட் அளவே விழும். ரப்பர் உறை எண்ணெய்க்கும் சூட்டுக்கும் ஈடுகொடுக்குமா என்ற ஐயம் இருப்பவர்கள், நான் செய்ததுபோல் பானட்டுக்குள் போகும் பகுதிக்கு நெளிகுழாய் போட்டுக்கொள்ளலாம். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருப்பது கட்டாயம்.

கெயின் (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அமைப்பு) வைப்பதற்கும் ஓம்தான் அடிப்படை. 300 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், ஆம்ப் வெளியே தர வேண்டியது 34.6 வோல்ட். முன்பு 2 ஓமில் 500 வாட்டுக்கு 31.6 வோல்ட் வைத்திருந்தேன். ஆகவே சப்பை மாற்றிவிட்டுக் கெயினைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது சரியாகாது. எஞ்சினை ஓடவிட்டு, சப் வயரைக் கழற்றி, பாஸை மிகைப்படுத்தும் பாஸ் பூஸ்டைப் பூஜ்யமாக்கி, ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டு ஸ்டீரியோவின்) ஒலியை முக்கால் பங்கில் வைத்து, 0 டெசிபெல்லில் பதிவான 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் 34.6 வருகிறதா என்று பார்த்தேன். முதலில் ஹெட் யூனிட்டிலிருந்து வரும் ஆர்சிஏ வயரின் முனையிலேயே அலையின் உச்சி வெட்டுப்படவில்லை என்பதை, ரிச்சி தெருவில் வாங்கிய சிறிய கையடக்க ஆசிலோஸ்கோப்பில் (அலை வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) உறுதி செய்துகொண்டேன். மோனோபிளாக்கின் ஸ்பீக்கர் மைனஸ் பல மாடல்களில் பாடியோடு சேர்ந்ததல்ல. ஆகவே அங்கே அளப்பதானால் பேட்டரியில் ஓடும் ஸ்கோப்பையே பயன்படுத்துங்கள்.

மின்னோட்டமும் குறைந்திருக்கிறது. 2 ஓமில் முழு ஆற்றலில் 45 ஆம்பியர் இழுத்திருக்கும் ஆம்ப், 4 ஓமில் 26 ஆம்பியர் அளவே இழுக்கும். இரவில் பாஸ் விழும்போதெல்லாம் மங்கிய ஹெட்லைட் இப்போது நிலையாக எரிகிறது. தவில் தனியாவர்த்தனம் ஒன்றைப் போட்டுக் கேட்டபோது, தொப்பிப் பக்கத்துக் குச்சி அடி ஒவ்வொன்றும் எழுந்து உடனே அடங்கியது; முன்பு வேகமான முத்தாய்ப்புகளில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கேட்கும்.

இப்போதுள்ளது ஒவ்வொரு சப்புக்கும் ஏறக்குறைய 28 லிட்டர், நடுவில் தடுப்புப் பலகை கொண்ட மூடிய பெட்டி; 18 மில்லிமீட்டர் பிளைவுட். சென்னையின் ஈரப்பதத்துக்கு எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) எனக்குச் சரிப்படாது. அடுத்து 35 ஹெர்ட்ஸுக்கு அமைத்த போர்ட் பெட்டி (காற்று வழி கொண்ட பெட்டி) ஒன்றுக்கு வரைபடம் போடத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டரை 30 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். அதற்குமுன் இந்தப் பெட்டிக்கே கார்பெட் ஒட்டவும், டிக்கித் தளத்தோடு இரும்புப் பட்டையால் பிணைக்கவும் வேண்டும். பட்டை இந்த வாரம் லேத்திலிருந்து வந்துவிடும்.